அரைக்காசு அம்மனுக்கு ஒரு கட்டி வெல்லம்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டில் மூக்குத்தித் திருகோ, பீரோச் சாவியோ காணாமற் போனால் நாங்கள் அதிகமாகப் பதறுவதில்லை. "அரைக்காசு அம்மா, கண்ணிலே காட்டிக் கொடு. உனக்கு வெல்லம் வைக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டு, அப்புறம் நிதானமாகத் தேட ஆரம்பிப்போம். திருக்கோகர்ணத்தில் எழுந்தருளியிருக்கும் பிரகதாம்பாளுக்குத்தான் இந்தச் செல்லப் பெயர். தொண்டைமான் ராஜாக்கள் காலத்தில் சமஸ்தானம் தனக்கென்று ஒரு சின்னச் செப்புக் காசு அடித்தது. அதில் அம்மன் திருவுருவம் இருக்கும். நவராத்திரியின்போது ஜனங்களுக்கு அரிசியோடு அந்தக் காசையும் கொடுப்பார்களாம். 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. காசு செல்லாமற் போயிற்று. அம்மன் மட்டும் இன்றும் செல்லுபடியாகிறாள்!

சென்ற தை மாதம் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் அம்மா பூஜை அறையில் ஒரு கட்டி வெல்லத்தை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா தொலைந்தது?" என்று கேட்டேன்.

"ஒன்றும் தொலையவில்லை. பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது" என்றாள் அம்மா.

வெல்லத்துக்குப் பக்கத்தில் இரண்டு சி.டி. தட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் அம்மாவின் முத்து முத்தான எழுத்தில் "அத்தை சொன்னது - 2002" என்று எழுதி, 1, 2 என்று நம்பர் போட்டிருந்தது.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. உங்களுக்கும் விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

*

எங்கள் அம்மா ஒரு காலத்தில் கீழ ராஜ வீதியை ஒட்டிய ஒரு சந்தில் டி.டி.பி. கடை வைத்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அம்மாவின் விரல் வழியாகத்தான் ஊருக்குள் போகும். கல்யாணத்துக்கு முன்பே தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்தவள். யாழ்ப்பாணத்துக்காரரான ஆர். முத்தையா உருவாக்கிய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் வழியில் வந்த விசைப்பலகை அது. 1996-ல் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் அம்மாவின் விரல்கள் அதே வரிசையில்தான் ஓடின. அதற்கென்று ஒரு தமிழ் மென்பொருளை விலை கொடுத்து வாங்கியிருந்தாள். பேஜ்மேக்கரில் பக்கம் கட்டுவாள். இரண்டும் சேர்ந்தால்தான் கடை ஓடும்.

அப்பத்தா - அப்பாவின் அம்மா - ஐம்பத்தைந்து வயது வரையில் கைநாட்டு. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் வந்ததல்லவா? அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் கூட்டம் கூட்டமாக எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் கற்றார்கள். எங்கள் அப்பத்தாவுக்கு சைக்கிள் வரவில்லை; கையெழுத்து வந்தது. அதற்கப்புறம் ரேஷன் கடையிலும் பாங்கியிலும் மைப்பெட்டியை நீட்டினால், "எடுத்து வை அப்பால" என்று சொல்லிவிட்டுப் பேனாவை வாங்கி, ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதுவாள். வரிசையில் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டியதுதான்!

2002-ஆம் வருஷம் ஐப்பசி மாதம். மழை. கடையில் வேலை இல்லை. அப்பத்தா ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், இதிலே ஏற்று" என்றாள். தாலாட்டுகள், நடவுப் பாட்டுகள், பிள்ளை பெற்றவளுக்கு எந்த நாளில் எந்தக் குழம்பு, கைக்குழந்தைக்கு வயிறு வலித்தால் என்ன செய்வது என்று தினம் ஒரு மணி நேரம் சொல்லுவாள். அம்மா தட்டுவாள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற பாவனையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பத்தாவும் அடுப்படியில் ஒத்துப்போனவர்கள் அல்ல. புளி கரைப்பதிலிருந்து கோலம் போடுவது வரையில் அபிப்பிராய பேதம். ஆனால் அந்த மேஜைக்கு முன்னால் இருவரும் வேறு மனுஷிகளாகிவிடுவார்கள். "அத்தை, கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்பாள் இவள். "கை வலிக்குதா தாயி? நாளைக்குப் பார்ப்போம்" என்பாள் அவள். அந்தத் "தாயி" அடுப்படியில் ஒரு நாளும் அம்மாவின் காதில் விழுந்ததில்லை.

கடைசியில் அறுபத்துச் சொச்சம் பக்கம் தேறியது. முடிவில் அப்பத்தா ஒரு வெள்ளைத் தாளில் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். அம்மா அதை ஸ்கேன் செய்து கடைசிப் பக்கத்தில் வைத்தாள். 2005-ல் அப்பத்தா காலமானாள்.

காகிதத்தில் இரண்டு பிரதிகள் எடுத்திருந்தோம். ஒன்றை உறவுக்காரர் ஒருவர் படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனார். இரவல் போன புஸ்தகத்தின் கதி உங்களுக்குத் தெரியாததா? இன்னொன்றை, 2014-ல் கடையை மூடிச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பார்த்தோம்; கரையான் முந்திக்கொண்டிருந்தது. மிச்சம் இந்த இரண்டு தட்டுகள்தான்.

இப்போது என் தம்பி மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. ஐந்தாம் மாதம் பிள்ளையை எங்கள் வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அதற்கு மூன்று வாரம் இருந்தது. கொள்ளுப்பேத்தியை அப்பத்தாவின் தாலாட்டோடு தொட்டிலில் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை.

*

"அம்மாச்சி, இதெல்லாம் ஒரு பிரச்னையா?" என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான் அக்கா மகன். என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். அவனுடைய புதிய லாப்டாப்பில் சி.டி. போடுகிற வாயே இல்லை. வெளியில் ஒரு டிரைவை வாங்கி மாட்டினான். முதல் தட்டு சுற்றியது. கோப்பு இருப்பது தெரிந்தது. ஆனால் திறக்கவில்லை. அதற்கான பேஜ்மேக்கர் இல்லை. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பே 2001-ல் வந்தது. அம்மா பழைய பெட்டியிலிருந்து கடைச் சி.டி.க்களைக் கொண்டுவந்தாள். தமிழ் மென்பொருளைப் போட்டதும் புது லாப்டாப், "இது என்னிடம் ஓடாது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டது.

அவன் ஒரு தந்திரம் செய்து கோப்பின் உள்ளேயிருந்த எழுத்தை மட்டும் வெளியே இழுத்துக் காட்டினான். ஆங்கில எழுத்தும், கேள்விக்குறியும், டாலரும், மேலே புள்ளி வைத்த ஏதோ ஐரோப்பிய எழுத்துமாக ஒரு கதம்பச் சாதம்! அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். கதம்பம் கதம்பமாகவே இருந்தது.

ஏன் இப்படி என்று சகோதரிகள் கேட்கலாம். எனக்கு அக்கா மகன் விளக்கியதை நம் பாஷையில் சொல்கிறேன்.

இன்றைக்கு நாம் போனில் தட்டுகிற தமிழ் யூனிகோடு. அதில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் உலகம் முழுவதும் ஒரே எண். புதுக்கோட்டையில் அனுப்பிய "அ" சிங்கப்பூரிலும் "அ"தான். தமிழுக்கு இந்த ஏற்பாடு 1991-லேயே வகுக்கப்பட்டதாயினும் கடைத்தெருவுக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று. அதற்குள் ஒவ்வொரு கம்பெனியும் ஆங்கில எழுத்து உட்கார வேண்டிய நாற்காலியில் தன் இஷ்டப்படி ஒரு தமிழ் எழுத்தை உட்கார்த்தி வைத்தது. ஒரு கம்பெனியின் "க" இன்னொன்றில் "ம". இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-ல் சென்னையில் தமிழிணைய மாநாடு நடந்து, தமிழக அரசு சில தர நிர்ணயங்களைக் கொண்டுவந்தது. 2010-ல் யூனிகோடையே அரசின் தரமாக ஏற்றுக்கொண்டது. அம்மா 2002-ல் தட்டியதோ 1996-ல் வாங்கிய மென்பொருளில். அதன் எழுத்துருக்கள் தனியே வாரா. அந்த மென்பொருள் ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியும்.

அது ஏன் ஓடவில்லை? அது 16 பிட் என்ற பழைய வகுப்பைச் சேர்ந்தது. இன்றைய கணினிகள் 64 பிட் வகுப்பு. 64 பிட் விண்டோஸ் தனக்கு முந்திய 32 பிட் தலைமுறையை வீட்டுக்குள் விடும். அதற்கும் முந்திய 16 பிட்டை வாசலிலேயே நிறுத்திவிடும். இருபது வருஷத்துக்கு முந்திய மிக்ஸி ஜாடியை இன்றைய மிக்ஸியின் மேல் வைத்துப் பாருங்கள், உட்காருமா? ஜாடியிலும் குற்றமில்லை, மிக்ஸியிலும் குற்றமில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்கிறேன். அதே திருக்கோகர்ணத்தில் ஞானாலயா என்று ஓர் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி - டோரதி தம்பதி சொந்த முயற்சியில் திரட்டியது. நூறு வருஷத்துக்கு முந்திய புஸ்தகங்களின் முதற் பதிப்புகள் அங்கே இருக்கின்றன. அட்டையைப் புரட்டினால் போதும், படிக்கலாம். நம் வீட்டில் இருபத்து மூன்று வருஷத்து எழுத்தைப் படிக்க முடியவில்லை!

"அப்படியானால் அந்தக் காலத்துக் கணினியையே ஒன்று உண்டாக்க வேண்டும்" என்றான் அக்கா மகன்.

*

பரணில் என் காலேஜ் லாப்டாப் இருந்தது. 2010-ல் எம்.ஏ. சேர்ந்தபோது அப்பா வாங்கிக் கொடுத்தது, அதற்கு சி.டி. வாய் உண்டு. ஆனால் அதிலிருந்த விண்டோஸ் 7-ம் 64 பிட்தான். அதை எடுத்துவிட்டு, கடையில் வைத்திருந்த விண்டோஸ் எக்ஸ்பியை ஏற்றுவது என்று தீர்மானமாயிற்று.

"எந்தக் கணினியில் தட்டினோமோ அது விண்டோஸ் 98 அல்லவா? அதையே ஏற்றினால் என்ன?" என்று கேட்டாள் அம்மா.

"98-க்கு இந்த லாப்டாப்பை யார் என்றே தெரியாது, அம்மாச்சி. எக்ஸ்பி நடுவிலே பிறந்தது. மூத்தவர்கள் பேசுவதும் அதற்குப் புரியும். இளையவர்களோடும் ஒரு மாதிரி ஒத்துப்போகும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அப்பத்தாவுக்கும் எனக்கும் நடுவில் அம்மா பார்த்த உத்தியோகமும் அதுதானே!

எக்ஸ்பி 2001 அக்டோபரில் வெளிவந்தது. 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அளிப்பது நின்றுபோயிற்று. ஆகவே அக்கா மகன் முதலிலேயே ஒரு கண்டிப்பான சட்டம் போட்டான்: இந்த லாப்டாப்புக்கு இன்டர்நெட் கிடையாது. பூட்டில்லாத வீட்டைத் தெருப் பக்கம் திறந்து வைத்தால் என்ன ஆகும்? இன்னொரு சட்டம்: பழையதை அழிப்பதற்கு முன்னால் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து எடுத்து வைக்க வேண்டும். என் காலேஜ் போட்டோக்கள் அதிலேதான் இருந்தன. அவற்றையெல்லாம் எடுக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.

இரவு எட்டு மணிக்கு முகூர்த்தம். எக்ஸ்பி தட்டைப் போட்டோம். நீலத்திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. கொஞ்ச நேரத்தில், "இந்தக் கணினியில் ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை" என்று ஒரு செய்தி வந்தது.

"இல்லாமல் என்ன? உள்ளேதானே இருக்கிறது!" என்றேன்.

இருக்கிறது. ஆனால் அதோடு பேசுகிற புது முறை எக்ஸ்பிக்குத் தெரியாது. லாப்டாப் உயிர்பெறும் முதல் நொடியில் ஒரு விசையை அழுத்தினால் அதன் அடிப்படை அமைப்புப் பக்கம் வரும். அங்கே ஹார்ட் டிஸ்க்கைப் பழைய பாணியில் பேசும்படி மாற்றிவிடலாம். எல்லா லாப்டாப்பிலும் அந்த வசதி இருக்காது. எங்கள் அதிர்ஷ்டம், இதில் இருந்தது. மாற்றியதும் எக்ஸ்பி சமர்த்தாக டிஸ்க்கைக் கண்டுகொண்டது.

பிறகு சுத்தம் செய்தல், கோப்புகளை நகலெடுத்தல். ஒரு மணி நேரம் போயிற்று. லாப்டாப் தானாக அணைந்து தானாக எழுந்தது. "சி.டி.யிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்" என்று திரை கேட்டது. விருந்தாளி கேட்டதைக் கொடுத்துப் பழகியவள் எங்கள் அம்மா. பட்டென்று அழுத்திவிட்டாள்!

"ஐயோ, அம்மாச்சி!"

இரண்டாவது முறை அழுத்தக் கூடாதாம். அழுத்தினால் எல்லாம் முதலிலிருந்து. அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கேட்டது, கொடுத்தேன். கொடுக்கக் கூடாதென்றால் ஏன் கேட்கிறது?" என்றாள் அம்மா. அந்தக் கேள்விக்கு இன்று வரையில் எங்களிடம் பதில் இல்லை.

மறுபடி ஆரம்பம். நான் காப்பி போட்டேன். ஒரு வழியாக நீலம் போய் வர்ணத் திரை வந்து, "இன்னும் சுமார் 39 நிமிஷம்" என்றது. அப்புறம் இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட அனுமதிக் குறியைக் கேட்டது. அம்மா பழைய உறையைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல, அவன் தட்டினான். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அப்பத்தா சொல்ல அம்மா தட்டியது எனக்கு ஞாபகம் வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஒரு பச்சைக் குன்றும் நீல வானமும் திரையில் மலர்ந்தன. சார்ல்ஸ் ஓரியர் என்பவர் 1996-ல் கலிபோர்னியாவில் சாலையோரத்தில் எடுத்த போட்டோவாம் அது. எங்கோ ஓர் அயல்நாட்டுக் குன்று. ஆனால் அதைப் பார்த்ததும் அம்மா, "கடை வந்துவிட்டது!" என்றாள்.

வந்தது கடைதான். லாப்டாப்புக்குப் பேச்சு வரவில்லை, படம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது; அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பதிவு செய்யாமல் முப்பது நாள்தான் ஓடுவேன் என்றது எக்ஸ்பி. மூன்று வாரம்தானே எங்களுக்கு வேண்டியது! பேஜ்மேக்கரை ஏற்றினோம். தமிழ் மென்பொருளை ஏற்றினோம். இந்தத் தடவை அது முரண்டு பிடிக்கவில்லை. முதல் தட்டைப் போட்டுக் கோப்பைத் திறந்தான்.

தமிழ்! வரி வரியாக, பத்தி பத்தியாக, அம்மா கட்டிய ஓரம் மாறாமல், அப்பத்தாவின் தாலாட்டு.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். விரல்களை விசைப்பலகையின் மேல் வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு அப்பத்தாவின் பெயரைத் தட்டினாள். ஒரு தப்பு இல்லை. போனில் ஒரு வரி தட்டக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டு எங்கள் பரிகாசத்துக்கு ஆளாகிறவள்! அந்த நேரத்தில் நாங்கள் இருவரும் பரிகாசத்தை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

*

சந்தோஷம் அவ்வளவுதான் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா?

இரண்டாவது தட்டு திறக்கவில்லை. மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்துப் பார்த்தோம். வேறு இரண்டு டிரைவில் போட்டுப் பார்த்தோம். வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் தெரிந்தது. பளபளப்புப் பூச்சு இரண்டு இடத்தில் உரிந்து, தட்டின் வழியாக ஜன்னல் தெரிந்தது. முதல் தட்டில் இருந்தவை நாற்பத்தோரு பக்கங்கள். மருந்துக் குறிப்புகள் அத்தனையும், ஏழெட்டுப் பாட்டும், அப்பத்தாவின் கையெழுத்தும் இரண்டாவதில் போயின.

அம்மா ஒன்றும் பேசவில்லை. தட்டை உறையில் போட்டு, மறுபடியும் பூஜை அறையில் வைத்தாள்.

மனசு ஆறட்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் குடுமியான்மலைக்குப் போனோம். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டர்தான். சிகாநாதசுவாமி கோயில். அங்கே மேலைக்கோயில் என்னும் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் உலகப் பிரசித்தமான இசைக் கல்வெட்டு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பார்கள். கிரந்த எழுத்தில் ஸ ரி க ம என்று ஸ்வரங்களாகவே ஏழு பிரிவுகள் வெட்டியிருக்கின்றன. உருத்திராச்சாரியரின் சிஷ்யனான ஓர் அரசன், மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எழுத்தைக் கல்வெட்டு அறிஞர்கள் படித்துவிட்டார்கள். ஆனால் ஒரே ஸ்வரம் ர, ரி, ரு, ரெ என்று விதவிதமாக மாறி வருகிறதே, அதை எப்படிப் பாடினார்கள்? அதைப் பற்றி இன்னும் பண்டிதர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.

"பார்த்தாயா? கல்லிலே வெட்டி வைத்தும் போதவில்லை. பாடிக் காட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது" என்றேன்.

அம்மா பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சொன்னாள்: "இங்கே எழுத்து இருக்கிறது, ராகம் இல்லை. எனக்கு ராகம் இருக்கிறது, எழுத்து போய்விட்டது."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் காரில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முன் ஸீட்டில் இருந்த அக்கா மகன் சத்தம் போடாமல் போனில் பதிவு செய்தான்.

*

மீதி நாட்களில் வீடு அச்சாபீஸாகிவிட்டது. எக்ஸ்பியில் தெரிந்த எழுத்தை எடுத்துப் பென்டிரைவில் புது லாப்டாப்புக்குக் கொண்டுபோனோம். பழைய எழுத்துருக்கள் பலவற்றை யூனிகோடாக மாற்ற இலவசமாகவே மாற்றிகள் இருக்கின்றன. எங்களுடையது அந்த ஜாபிதாவில் இல்லை. ஆகவே எந்த ஆங்கிலக் குறிக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று அம்மா சொல்லச் சொல்ல ஒரு பட்டியல் போட்டு, அக்கா மகன் ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான்.

முதல் தடவை ஓட்டியதில் கொம்பெல்லாம் இடம் மாறிவிட்டது. காரணம் வேடிக்கையானது. பழைய முறையில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவார்கள். "கொ" என்றால் முதலில் கொம்பு, பிறகு "க", பிறகு கால். யூனிகோடிலோ காதுக்குக் கேட்கிற வரிசை: முதலில் "க", பிறகுதான் ஒகரக் குறி. கண்ணின் வரிசையைக் காதின் வரிசையாகத் திருப்பிப் போட்டதும் எழுத்துகள் ஒழுங்காக உட்கார்ந்தன. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து, லை, னை இவற்றின் தும்பிக்கை போனபோது நம் தாய்மார்கள் இரண்டு நாளில் பழகிக்கொண்டார்கள். கணினிக்கு ஒவ்வொன்றையும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

மருந்துக் குறிப்புகளை அம்மா ஞாபகத்திலிருந்து சொன்னாள். அப்பத்தாவோடு எந்த விஷயத்தில் சண்டை போட்டாளோ, அதெல்லாம் அளவு பிசகாமல் ஞாபகம் இருந்தது! "சுக்கு இவ்வளவு போதும் என்பேன் நான், போதாது என்பார்கள் அத்தை. அத்தை சொன்ன அளவே எழுது." தெரியாத இடங்களில் ஊகித்து எழுத அவள் சம்மதிக்கவில்லை. "இங்கே கொஞ்சம் விட்டுப்போயிற்று என்று போடு. பிறகு யாருக்காவது தெரிந்தால் சொல்லட்டும்" என்றாள். ஒரு தாலாட்டுக்கு ராகம் மட்டும்தான் மிச்சம். அதற்கு ஒரு முழுப் பக்கத்தைக் காலியாக விட்டோம்.

தொட்டில் போடுகிற நாள் வந்தது. அம்மா நான்கு தாலாட்டுகளைப் புதுத் தாளைப் பார்த்துப் பாடினாள். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டு, சொல் இல்லாத அந்த ராகத்தை எடுத்தாள். வெறும் ஆராரோ, ஆரிராரோதான். குழந்தை அதற்குத்தான் தூங்கிற்று. கூட்டத்தில் அப்பத்தாவின் பிறந்த ஊரிலிருந்து வந்த ஒரு பெரியம்மா, "இது எங்க வீட்டுப் பாட்டாச்சே!" என்று இரண்டு அடிகளைச் சேர்த்துக் கொடுத்தாள். காலிப் பக்கத்தில் அன்று இரண்டு வரி ஏறியது.

*

என் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலும் சி.டி.யோ, பழைய பென்டிரைவோ, அணைந்துபோன போனோ ஏதாவது ஒரு டப்பாவில் இருக்கும். "பத்திரமாக இருக்கிறது" என்று நீங்களும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உள்ளே இருப்பதை எடுக்க, எங்களைப் போலப் பழைய கணினியை மறுபடி உண்டாக்கலாம். புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினி ஒன்றைப் பொய்யாக ஓடவிடும் முறையும் இருக்கிறது. வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேட்டால் செய்து தருவார்கள். ஆனால் தட்டு உரிந்துபோனால் எந்த முறையும் உதவாது. அதை ஓடவைக்கத் தெரிந்த விரல்களும் என்றைக்கும் இருந்துகொண்டிருக்கப் போவதில்லை.

சரஸ்வதி பூஜையன்று புஸ்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அன்று படிக்கக் கூடாது. ஆனால் மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு பக்கமாவது கட்டாயம் படித்தாக வேண்டும் என்று பெரியவர்கள் வைத்தார்களே, என்ன காரணம்? வைத்தால் மட்டும் போதாது, திறந்து பார்க்க வேண்டும் என்பதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இனிமேல் எங்கள் வீட்டில் விஜயதசமியன்று அப்பத்தாவின் கோப்பையும் திறப்பதென்று ஏற்பாடு. திறக்கிறதா என்று பார்த்து, அந்த வருஷத்துக் கணினிக்கு ஏற்றபடி புதுப் பிரதி எடுத்து, என் வீட்டில் ஒன்று, தம்பி வீட்டில் ஒன்று, நல்ல காகிதத்தில் ஒன்று வைப்பது. ஓலைச்சுவடிகளைத் தலைமுறைக்குத் தலைமுறை பிரதி செய்து வைத்தவர்கள் செய்த காரியமும் அதுதானே!

நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று அம்மா வெல்லத்தை எடுத்துப் பானகம் கரைத்துக் கொடுத்தாள். பாதிக் கட்டி மட்டும் அம்மன் படத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது.

"அது எதற்கு அம்மா?" என்றேன்.

"அத்தையின் கையெழுத்து இன்னும் கிடைக்கவில்லையே? ரேஷன் கடையிலோ பாங்கியிலோ எங்கேயாவது பழைய ரிஜிஸ்தரில் இருக்கும். கேட்டுப் பார்க்க வேண்டும்" என்றாள் அம்மா.